மூச்சுக்குழாய்க்குள் நடப்பது என்ன? ஆஸ்துமா ஆய்வு பற்றி வாசகர் கேட்டவை

ஆஸ்துமாவைப் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டு வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை மலையகத்திலிருந்தே வந்திருந்தன. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவன் என்று அக்குறிப்பில் நான் சொல்லியிருந்தது அதற்குக் காரணமாக இருக்கலாம். ஒவ்வாமை அழற்சியைப் பற்றிய ஆய்வுகூட வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் என்ற முறையில் என்னால் பதில் சொல்லக்கூடிய ஐந்து கடிதங்களை, சற்றுச் சுருக்கி, இங்கே எடுத்துக்கொள்கிறேன். மருந்துச் சீட்டை அனுப்பி அளவு கேட்டிருந்த அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். நோயாளியைப் பார்க்காமல் மருந்தளவு சொல்வது முறையன்று.

கேள்வி: என் ஏழு வயது மகனுக்கு மூன்று வருடங்களாக இழுப்பு இருக்கிறது. இரவு இரண்டு, மூன்று மணிக்குத்தான் கூடுகிறது. இந்த ஊர்ப் பனியும் குளிரும்தான் காரணம், கீழ்நாட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்கிறார் என் மாமியார். கிளினிக் கொப்பியிலோ மூச்சுக்குழாயில் அழற்சி என்று எழுதியிருக்கிறார்கள். அழற்சி என்றால் உள்ளே புண்ணா? (ஒரு தாய், பொகவந்தலாவை)

பதில்: புண் அன்று, அம்மா. காலில் முள் தைத்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முள்ளோடு நுழைந்த கிருமியை எதிர்ப்பதற்காக இரத்தத்திலிருந்து வெண்குழியங்களும் நீரும் அவ்விடத்தில் வந்து குவிவதால் ஏற்படும் அந்த வீக்கத்தின் பெயர்தான் அழற்சி. முள்ளை எடுத்த பின் இரண்டொரு நாளில் அது வடிந்துவிடும். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாய்ச் சுவரிலோ, எடுத்தெறிய முள் எதுவும் இல்லாமலே அதே வீக்கம் மாதக்கணக்காக நிற்கிறது. சுவர் தடிக்கிறது, சளி மிகுதியாகச் சுரக்கிறது, குழாயைச் சுற்றியுள்ள தசை மிகச் சிறிய தூண்டலுக்கும் இறுகிக்கொள்கிறது. இழுப்பு வராத நாள்களிலும் இந்த வீக்கம் உள்ளே இருந்துகொண்டுதான் இருக்கும். ஓடி விளையாடும் பிள்ளைக்கு எதற்காகத் தினமும் மருந்து என்று வீட்டில் கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. குளிர்ந்த காற்று ஏற்கெனவே வீங்கியிருக்கும் குழாயைத் தூண்டி இறுகச் செய்யும். ஆனால் வீக்கத்தை உண்டாக்குவது குளிர் அன்று. பிள்ளைகளுக்கு இழுப்பைக் கிளப்பிவிடுவதில் சாதாரணத் தடிமனைக் கொண்டுவரும் ரைனோ வைரசுக்கே பெரும் பங்கு உண்டு. அதற்கு அடுத்தபடியாக, கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணியைச் சொல்லலாம். ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள அந்த உயிர், நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் கம்பளியிலும் வாழ்கிறது. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஃபோர்ஹோர்ஸ்ட், ஸ்பிக்ஸ்மா ஆகியோர் 1960களில் செய்த ஆய்வுகளே வீட்டுத் தூசி ஒவ்வாமையின் மூலம் இந்த உண்ணிதான் என்பதை நிலைநாட்டின. அதன் எச்சத்தில் உள்ள ஒரு புரதம் வெறும் அழுக்கு அன்று; அது புரதங்களை அறுக்கும் ஒரு நொதியம். மூச்சுக்குழாயின் உட்படலத்தில் கலங்களை ஒன்றோடொன்று தைத்து வைத்திருக்கும் இணைப்புகளை அறுத்து, அந்த வழியாகவே அது உள்ளே இறங்குகிறது.

இந்த உண்ணி நீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உடலால் உறிஞ்சி வாழ்கிறது. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு ஐம்பதுக்குக் கீழே நெடுநாள் இறங்கினால் காய்ந்து செத்துப்போகும். சுவிற்சர்லாந்தின் டாவோஸ் மலைநகருக்கு ஐரோப்பிய ஆஸ்துமாப் பிள்ளைகளைப் பல ஆண்டுகளாக அனுப்பிவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஏறத்தாழ 1,560 மீற்றர் உயரத்தில் உள்ள அவ்வூரின் காற்று உலர்ந்தது. அங்கே உண்ணி மிகக் குறைவு. மலைக்காற்று நெஞ்சுக்கு நல்லது என்ற பேச்சு அங்கிருந்துதான் பரவியது என நினைக்கிறேன். நுவரெலியா அதைவிட உயரமான ஊர், ஆனால் நம் மலை ஈரமலை. மாதக்கணக்காக மூடுபனி இறங்கும் இடத்தில் சுவரும் மெத்தையும் காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. ஆகவே உயரம் மட்டும் நம்மைக் காப்பாற்றப் போவதில்லை. கீழ்நாட்டிலும் ஈரம் குறைவில்லை என்பதால், பிள்ளையை அங்கே அனுப்பினாலும் உண்ணி அவனுக்கு முன்பே போய்க் காத்திருக்கும்.

இரவு இரண்டு, மூன்று மணிக்கும் காரணம் உண்டு. அழற்சியைத் தணிக்கும் கோர்ட்டிசோல் என்ற சுரப்பு நள்ளிரவையொட்டி உடலில் மிகவும் தாழ்ந்துவிடுகிறது, விடியலுக்கு முந்திய அந்த வேளையில் மூச்சுக்குழாய் எல்லோருக்குமே சற்று ஒடுங்குகிறது. போதாததற்குப் பிள்ளையின் மூக்கு தலையணையில் புதைந்திருக்கிறது. வெயில் கிடைக்கும் நாளில் மெத்தையையும் கம்பளியையும் முற்றத்தில் நன்றாகக் காயப்போடுங்கள். உறைகளைச் சூடான நீரில் துவையுங்கள், ஏனெனில் வெயில் உண்ணியைக் கொன்றாலும் அதன் எச்சம் துவைத்தால்தான் போகும். விறகடுப்புப் புகை படுக்கிற காம்பராவுக்குள் வராதபடி எதையாவது செய்ய முடிந்தால் அதை எல்லாவற்றுக்கும் முன்பாகச் செய்யுங்கள். லயத்து வீட்டில் இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம் என்பது எனக்குத் தெரியாததன்று.

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கிறேன். மருத்துவர் என்ன செய்வார் என்று தெரியும். உடலின் நோயெதிர்ப்பை ஆராயும் நிர்ப்பீடனவியல் ஆய்வாளர் நாள் முழுவதும் என்ன செய்வார்? ஒரே நோயை முப்பது வருடம் ஆராய அதில் அப்படி என்ன இருக்கிறது? (ஒரு மாணவன், தலவாக்கலை)

பதில்: தம்பி, என் வேலைநாள்களின் பெரும்பகுதி சளியை எண்ணுவதில் போயிற்று. நோயாளியை உப்பு நீராவியைச் சுவாசிக்கச் செய்து, அவர் இருமித் துப்பும் சளியைக் கரைத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு தகட்டுக்கு 400 கலங்கள் வீதம் எண்ண வேண்டும். அவற்றில் இயோசின் என்ற சாயத்தை ஏற்றுச் செந்நிறமாகத் தெரியும் வெண்குழியங்களே இயோசினோபில்கள். ஜெர்மானிய அறிஞர் போல் ஏர்லிக் 1879இல் அடையாளம் கண்டு பெயரிட்டவை. நூற்றுக்கு மூன்றுக்கு மேல் அவை இருந்தால் அந்நோயாளியின் அழற்சி ஒருவகை, இல்லையென்றால் வேறுவகை. கேட்பதற்குச் சலிப்பூட்டும் இந்த எண்ணிக்கையில்தான் ஒரு மருந்தின் தலைவிதி தீர்மானமானது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

நான் இத்துறைக்கு வந்ததற்குக் காரணம் என் தம்பி. இரவில் அவனுக்கு இழுப்பு வரும்போது அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மைல் கீழே இருந்த டிஸ்பென்சரிக்கு நடப்பார். நான் பந்தத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவேன். ஊசி போட்ட கால்மணி நேரத்தில் அவன் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்பான். விடிவதற்குள் மறுபடி இழுக்கும். சுகமானவனுக்கு ஏன் மறுபடி வந்தது என்று நான் கேட்டதற்கு அன்று யாரிடமும் பதில் இருக்கவில்லை. அதற்குப் பதில் இருக்கிறது என்பதைப் பல்கலைக்கழகத்தில்தான் அறிந்தேன். ஒவ்வாமைப் பொருள் உள்ளே போன சில நிமிடங்களில், மாஸ்ட் கலம் என்ற காவற்கலம் வெடித்து ஹிஸ்டமினையும் லியூக்கோட்ரையீன்களையும் கொட்டுகிறது, தசை இறுகுகிறது. இது முதல் அலை. கொட்டப்பட்ட பொருள்கள் இரத்தத்திலிருந்து இயோசினோபில்களை அழைக்கின்றன. நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து அவை திரண்டு வந்து இரண்டாம் அலையை எழுப்புகின்றன. தம்பிக்குப் போட்ட ஊசி முதல் அலையை மட்டுமே அடக்கியது.

மாஸ்ட் கலத்தை வெடிக்கச் செய்வது எது என்று தேடிய கதை தனிச் சுவையுடையது. ஒவ்வாமையைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் இன்று வழங்கும் அலர்ஜி என்ற சொல்லை வியன்னா மருத்துவர் ஃபொன் பிர்கே 1906இல்தான் உருவாக்கினார். 1921இல், அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில், பிராவுஸ்னிட்ஸ், கூஸ்ட்னர் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சமைத்த மீன் கூஸ்ட்னருக்கு ஒத்துக்கொள்ளாது. பிராவுஸ்னிட்ஸோ எவ்வளவு மீனும் சாப்பிடுவார். கூஸ்ட்னரின் இரத்தச் சீரத்தில் சிறிது எடுத்துப் பிராவுஸ்னிட்ஸின் தோலில் செலுத்தினார்கள். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியபோது அந்த இடம் மட்டும் தடித்து எழுந்தது. ஒவ்வாமையைச் சுமந்து செல்லும் ஏதோ ஒன்று இரத்தத்தில் இருக்கிறது என்பது அன்று உறுதியானது, அது என்னவென்று அறிய மேலும் 45 ஆண்டுகள் ஆயின.

அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆஸ்துமாப் பிள்ளைகளுக்கான ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்த ஜப்பானியத் தம்பதியர் கிமிஷிகே இஷிசாக்காவும் தெருக்கோ இஷிசாக்காவும் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து 1966இல் அறிவித்தார்கள். சீரத்தில் அது இருக்கும் அளவு மிகமிகக் குறைவு, அன்றைய கருவிகளில் எதற்கும் அகப்படாது. ஆகவே பிரித்தெடுத்த ஒவ்வொரு பகுதியையும் தங்கள் தோலிலேயே செலுத்தி, எந்த இடம் தடிக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தேடினார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் சுவீடனின் உப்சாலாவில் பென்னிக், ஜொஹான்சன் இருவரும் எலும்பு மச்சைப் புற்றுநோயாளி ஒருவரின் சீரத்தில் அதுவரை அறியப்படாத ஒரு பிறபொருளெதிரி (அயற்பொருளை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) ஏராளமாக இருப்பதைக் கண்டார்கள். இரண்டு குழுக்களும் தம்மிடமிருந்த மாதிரிகளைப் பரிமாறிக்கொண்டபோது இரண்டும் ஒன்றே எனத் தெளிவாயிற்று. 1968இல் அதற்கு ஐ.ஜி.ஈ. என்ற பெயர் ஏற்கப்பட்டது. யார் முந்தியவர் என்று சண்டையிட எல்லா வாய்ப்பும் இருந்த இடத்தில் பொருளைப் பகிர்ந்துகொண்டார்களே, அதைத்தான் என் மாணவர்களிடம் நான் அடிக்கடி சொல்வது வழக்கம்.

தன் உடலிலேயே சோதிப்பதை ரொஜர் அல்தூனியன் என்ற பிரித்தானிய மருத்துவர் எல்லை வரை கொண்டுபோனார். அவரே ஆஸ்துமா நோயாளி. கினிப்பன்றி மயிரிலிருந்து எடுத்த சாற்றைச் சுவாசித்துத் தனக்கே இழுப்பை வரவழைத்து, எந்தச் சேர்வை அதைத் தடுக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சோடியம் குரோமோகிளைக்கேற் என்ற மருந்து 1960களின் இறுதியில் பாவனைக்கு வந்தது அப்படித்தான். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது என்பது என் கருத்து.

இனி அந்த மருந்தின் தலைவிதி. இயோசினோபில்களை வளர்த்தெடுப்பது இன்டர்லூக்கின்-5 என்ற தூதுப் புரதம். அதைத் தடுத்தால் இயோசினோபில் குறையும், ஆஸ்துமா தீரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். மெப்போலிசுமாப் என்ற பிறபொருளெதிரி மருந்தைச் செலுத்திய ஆய்வின் முடிவு 2000ஆம் ஆண்டில் வந்தது: இரத்தத்தில் இயோசினோபில் விழுந்தது, ஆனால் மூச்சுக்குழாயின் எளிதில் இறுகும் தன்மை சற்றும் மாறவில்லை. இயோசினோபில் குற்றவாளியே அன்று, சும்மா பக்கத்தில் நின்ற சாட்சி என்று பேசத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு ஒரு கூட்டத்தில் என் ஆய்வுச் சுவரொட்டியின் முன்னால் நின்ற ஒருவர், நீங்கள் இன்னுமா இந்தக் கலத்தை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள் என்று இரக்கத்தோடு கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது.

பிழை மருந்தில் இருக்கவில்லை. ஆஸ்துமா என்ற பெயருள்ள எல்லோரையும் ஒரே நோயாளராக எண்ணி மருந்தைக் கொடுத்ததும், எதை அளக்க வேண்டுமோ அதை அளக்காததுமே பிழை. இங்கிலாந்தின் லெஸ்டரிலும் கனடாவின் ஹமில்டனிலும் இருந்த குழுக்கள், சளியை எண்ணிப் பார்த்து, வழக்கமான மருந்துக்கு அடங்காமல் இயோசினோபில் நிறைந்திருந்த நோயாளரை மட்டும் தேர்ந்தெடுத்து அதே மருந்தைக் கொடுத்தன. ஒன்றில் 61 பேர், மற்றதில் 20 பேர்தான். 2009இல் வெளிவந்த அவ்விரண்டு ஆய்வுகளிலும் கடுமையான தாக்குதல்கள் தெளிவாகக் குறைந்திருந்தன. 2015இல் அமெரிக்காவில் அம்மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ஆஸ்துமா என்பது பல நோய்களுக்கு நாம் வைத்திருக்கும் ஒரே பெயர் என்பதை, எண்ணூறு பக்கப் பாடநூலைவிட அந்த 81 நோயாளிகள்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

அதற்குப் பின்னும் கேள்வி நிற்கவில்லை. ஒவ்வாமையே இல்லாத சிலருக்கும் இயோசினோபில் ஏன் குவிகிறது? அதற்கான விடையின் ஒரு பகுதி 2010இல் கிடைத்தது. குறிப்பிட்ட பிறபொருள் எதையும் இனங்காணாமலே இன்டர்லூக்கின்-5ஐயும் 13ஐயும் பொழியும் ஒருவகை உள்ளார்ந்த நிணநீர்க் கலத்தை அவ்வாண்டில் வெவ்வேறு குழுக்கள் தனித்தனியே விவரித்தன. மூச்சுக்குழாயின் உட்படலம் காயம்படும்போது கூக்குரலிடுவதுபோல் சில புரதங்களை வெளியிடுகிறது. அக்குரலைக் கேட்டு விழிப்பவை இக்கலங்கள். அக்குரல்களில் ஒன்றை அடக்கும் டெசெபெலுமாப் என்ற ஊசி மருந்து 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த ஊசிகளின் விலை நம் நாட்டுச் சாதாரணக் குடும்பம் நினைத்தும் பார்க்க முடியாதது என்பதையும் இதே மூச்சில் சொல்லிவிடுவது நேர்மை.

இவ்வளவுக்கும் நடுவே என் பங்கு சிறிது. அதிலும், ஒரு நீண்ட விடுமுறையில் மின்சாரம் தடைப்பட்டு, ஆய்வுகூடத்தின் மாற்று மின்னாக்கியும் இயங்காமல், பூச்சியத்துக்குக் கீழ் 80 பாகையில் வைத்திருந்த என் மாதிரிகள் எல்லாம் உருகிப்போயின. இரண்டு ஆண்டு உழைப்பு. குழாய்களின் மேலிருந்த என் கையெழுத்து மட்டும் அழியாமல் இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய்விட்டு, மறு வாரம் முதலாவது நோயாளியிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

நீங்கள் வரவேண்டிய பாதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருத்துவ பீடத்துக்குப் போனால்தான் இத்துறைக்கு வரலாம் என்பதில்லை. விஞ்ஞான பீடத்தில் உயிர் இரசாயனமும் மூலக்கூற்று உயிரியலும் படித்தவர்கள் இங்கே ஏராளம். பேராதனையில் இரண்டு பீடங்களும் அருகருகே உள்ளன. கொழும்பில் 1900இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் நிர்ப்பீடனவியல் பிரிவு ஒன்று இயங்குகிறது. ஆங்கிலத்தில் வாசிக்கவும் எழுதவும் இப்போதே பழகுங்கள், புள்ளிவிபரவியலை வெறுக்காதீர்கள். இரண்டையும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்து நான் பட்ட பாடு போதும்.

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலையில் சலிக்கும் பகுதியில் 19 வருடமாக வேலை. இரண்டு வருடமாக மாலையில் நெஞ்சு அடைக்கிறது, இருமல். ஞாயிற்றுக்கிழமை சுகமாக இருக்கிறது. வயதுதான் காரணம் என்கிறார்கள். (ஒரு தொழிலாளி, மஸ்கெலியா)

பதில்: ஐயா, வயதுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. வேலைநாளில் கூடி ஓய்வுநாளில் குறையும் மூச்சடைப்பு, தொழிலிடத்தில் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு மருத்துவர்கள் தேடும் முதல் அடையாளம். நோயாளியிடம் அவருடைய தொழிலைக் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி 1700ஆம் ஆண்டிலேயே வலியுறுத்தினார். மூன்று நூற்றாண்டுகள் கழித்தும் அந்தக் கேள்வி பல இடங்களில் விடுபட்டுப்போகிறது.

உங்கள் நோய்க்கு நம் நாட்டிலேயே எழுதப்பட்ட வரலாறு உண்டு. இலங்கையின் நெஞ்சுநோய் மருத்துவர் சி. ஜி. உரகொட, தேயிலை வேலையால் வரும் ஆஸ்துமாவை 1970இல் மருத்துவ இதழில் விவரித்தார். தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்களைப் பற்றிப் பின்னரும் எழுதினார். கொழுந்தை வாட்டும்போதும் அரைக்கும்போதும் அது ஈரமாக இருப்பதால் தூசி குறைவு. காய்ந்த பின் சலிக்கும்போதும் பொதி கட்டும்போதும்தான், இளங்கொழுந்தின் மேலுள்ள நுண்ணிய மயிர்களும் இலைத்துகளும் பஞ்சுபோல் பறக்கின்றன. அப்பஞ்சு சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குகிறது, சிலருக்கு வெறும் எரிச்சலை மட்டும் தருகிறது. எது என்பதைப் பிரித்தறிவது சிகிச்சைக்கு முக்கியம்.

நெஞ்சுநோய்க் கிளினிக்குக்குப் போய், மூச்சு ஊதும் வேகத்தை அளக்கும் சிறு கருவியைக் கேட்டு வாங்கி, இரண்டு மூன்று வாரங்களுக்கு வேலைநாளிலும் ஓய்வுநாளிலும் ஒருநாளில் நான்கு முறையாவது ஊதி, அளவை நேரத்தோடு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பி உங்களுக்காகப் பேசும். தொழிலால் வரும் ஆஸ்துமாவில், நோய் தொடங்கியபின் எவ்வளவு விரைவில் தூசியை விட்டு விலகுகிறோமோ அவ்வளவுக்குக் குணமாகும் வாய்ப்புக் கூடும். மருத்துவரின் கடிதத்தோடு தொழிற்சாலைக்குள்ளேயே தூசி குறைந்த பகுதிக்கு மாற்றம் கேட்பது முதற்படியாக இருக்கட்டும். வாயில் கட்டும் துணி இந்த நுண்தூசியைத் தடுக்காது.

கேள்வி: எங்கள் காலத்தில் மண்ணில் விளையாடினோம், வயிற்றுப் பூச்சிக்கு மருந்து குடித்தோம், யாருக்கும் இழுப்பு இல்லை. இப்போது வீட்டுக்கு ஒரு பிள்ளை ஆஸ்துமா பம்ப் பிடிக்கிறது. பூச்சி இருந்ததால்தான் நாங்கள் தப்பினோமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹப்புத்தளை)

பதில்: யாருக்கும் இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன், ஐயா, என் தம்பி இருந்தான். ஆயினும் உங்கள் ஊகம் ஆய்வாளர்களும் கேட்ட கேள்விதான்.

ஐ.ஜி.ஈ.யும் இயோசினோபிலும் ஒவ்வாமைக்காகப் படைக்கப்பட்டவை அல்ல. உடலுக்குள் புகும் புழுக்களை எதிர்ப்பதே அவற்றின் பழைய தொழில். மலையகத்துக்கு இதில் தனி வரலாறு இருக்கிறது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் ரொக்கபெல்லர் நிறுவனம் இலங்கையில் கொழுக்கிப் புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளரிடமே முதலில் வந்தது. வெறுங்காலோடு கொழுந்தெடுத்த நம் முன்னோரின் இரத்தத்தை அப்புழு உறிஞ்சியது கொஞ்சநஞ்சமன்று. நீடித்து வாழ விரும்பும் புழு, தன்னைத் தாங்கும் உடலின் எதிர்ப்பைத் தணித்து வைக்கக் கற்றிருக்கிறது. அத்தணிவு ஒவ்வாமையையும் சேர்த்துத் தணிக்கலாம் என்பதே கருத்து. ஆய்வுத் தொகுப்பு ஒன்றில் கொழுக்கிப் புழு உள்ளவர்களிடையே ஆஸ்துமா குறைந்தும், உருண்டைப் புழு உள்ளவர்களிடையே கூடியும் காணப்பட்டது. ஆகவே புழு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. பிரித்தானியாவின் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பிரிச்சர்ட் தன் தோலிலேயே கொழுக்கிப் புழுக் குடம்பிகளை ஏற்றிக்கொண்டு பாதுகாப்பான அளவைப் பார்த்தார். ஆனால் அதன் பிறகு ஆஸ்துமா நோயாளரிடம் நடந்த ஆய்வில் குறிப்பிடத்தக்க பயன் கிடைக்கவில்லை.

மண்ணைப் பற்றிய சான்று இதைவிட வலுவானது. 1989இல் டேவிட் ஸ்ட்ராக்கன், 1958இல் பிறந்த 17,000க்கு மேற்பட்ட பிரித்தானியரின் தரவுகளை ஆராய்ந்து, மூத்த சகோதரர் கூடக்கூட ஒவ்வாமைத் தும்மல் குறைவதைக் காட்டினார். அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என இரண்டு விவசாயச் சமூகங்கள் இருக்கின்றன. வம்சாவளியும் உணவும் பெரும்பாலும் ஒன்றே. ஆமிஷ் மக்கள் குதிரையும் மாடும் வீட்டருகில் நிற்கப் பழைய முறையில் பயிரிடுகிறார்கள், ஹட்டரைட் மக்கள் இயந்திரங்களால் பெரும் பண்ணைகளை நடத்துகிறார்கள். 2016இல் வெளிவந்த ஆய்வின்படி, ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா நூற்றுக்கு 5.2, ஹட்டரைட் பிள்ளைகளில் 21.3. ஆமிஷ் வீட்டுத் தூசியைச் சுண்டெலிகளின் மூக்கில் இட்டபோது அவையும் ஆஸ்துமாவிலிருந்து காக்கப்பட்டன.

இதைப் படித்துவிட்டு மாட்டுப்பட்டியை லயத்தோடு ஒட்டிக் கட்ட வேண்டாம். நம் பிள்ளைகள் மண்ணோடும் மாட்டோடும் வளர்ந்தாலும் விறகுப் புகையையும் ஈரச் சுவரையும் சேர்த்தே சுவாசிக்கிறார்கள். பூச்சி மருந்தை நிறுத்தவும் வேண்டாம். இரத்தசோகை பிடித்த பிள்ளைக்கு இழுப்பு இல்லை என்பது ஆறுதலாகாது.

கேள்வி: பம்ப் பழகிவிட்டால் விட முடியாது, ஸ்டீரொயிட் பிள்ளையின் வளர்ச்சியைக் கெடுக்கும் என்கிறார்களே? நீல பம்ப் மட்டும் போதாதா? (ஒரு பாட்டி, ஹட்டன்)

பதில்: நீல பம்பில் இருக்கும் சல்பியூட்டமோல் தசையைத் தளர்த்துகிறது, வீக்கத்தைத் தொடுவதில்லை. மேலே சொன்ன என் தம்பியின் ஊசியைப்போல முதல் அலையை மட்டும் அடக்கும். உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டிக் குழு 2019இல் தன் பரிந்துரையை மாற்றி, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நீல பம்பை மட்டும் வைத்துச் சிகிச்சை செய்யவேண்டாம் என்று சொன்னது. அதே 2019இல் உலகில் ஆஸ்துமாவால் இறந்தோர் தொகையை உலக சுகாதார நிறுவனம் 455,000 எனக் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பலருக்கு வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீரொயிட் மருந்து ஒழுங்காகக் கிடைத்திருக்கவில்லை.

பழகிப்போதல் என்பது இங்கே இல்லை. நிறுத்தினால் மறுபடி வருவது வீக்கம், மருந்துக்கான ஏக்கம் அன்று. வளர்ச்சியைப் பற்றிய அச்சம் வெறும் வதந்தி என்று சொல்லமாட்டேன்: பிள்ளைப் பருவத்தில் ஆண்டுக்கணக்காக உள்ளிழுக்கும் ஸ்டீரொயிட் எடுத்தவர்களை வளர்ந்த பின் அளந்தபோது ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் குறைவாக இருந்தார்கள். மூச்சு முட்டித் தூங்காத இரவுகளையும் பாடசாலைக்குப் போகாத நாள்களையும் அந்த ஒரு சென்ரிமீற்றரோடு வைத்து எடைபோட வேண்டும். அளவையும் பாருங்கள். விழுங்கும் ஸ்டீரொயிட்டான பிரட்னிசலோன் குளிசை ஒன்றில் 5 மில்லிகிராம், அதாவது 5,000 மைக்ரோகிராம் மருந்து உண்டு. பம்பின் ஓர் அழுத்தத்தில் வருவது பெரும்பாலும் 50 முதல் 250 மைக்ரோகிராம். எடுத்த பின் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள்.

பேரப்பிள்ளை சிறியவராயின் பம்பை நேரே வாயில் வைத்து அழுத்தினால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே ஒட்டிவிடும். இடையில் வைக்கும் ஸ்பேசர் வாங்க வசதியில்லை என்று எழுதியிருந்தீர்கள். 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் துளையைச் சூடான கம்பியால் இட்டு, விளிம்பைப் பசையால் அடைத்தால் அதுவே ஸ்பேசராகும். தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் பிள்ளைகளிடம் செய்து 1999இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு இணையாக அது வேலை செய்தது. போத்தலின் வாயைப் பிள்ளை உதட்டால் இறுகக் கவ்விக்கொள்ள, பம்பை ஒருமுறை அழுத்தி, ஐந்தாறு தடவை மெதுவாக மூச்சை இழுத்து விடச் செய்யுங்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது போத்தலையும் பம்பையும் கையோடு கொண்டுபோய், நீங்கள் செய்கிற முறையைத் தாதியிடம் ஒருமுறை செய்து காட்டுங்கள்.